தண்ணியில ஒண்ணும் இல்ல

அந்தக் கேனை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கமா தள்ளி வச்சுக்குவீங்களா தம்பி? தப்பா நினைச்சுக்காதீங்க. என் மடியில இருக்கறது மீன். உசுரோட இருக்கற மீன். உங்க கேன்லேருந்து மருந்து வாசனை வருது, அதான். ஆங், போதும் போதும். சட்டையில கம்பெனி பேரைப் பாத்தேன். கரப்பான்பூச்சிக்கு மருந்து அடிக்கற வேலையா? நல்லது. நாலு வீட்டுக்குப் போவீங்க, நாலு பேரைப் பாப்பீங்க. நான் வேலையில இருந்தப்ப பாட்டிலைத்தான் பாத்தேன்.

எங்க இறங்கணும்? தாம்பரமா? நான் குரோம்பேட்டை. அப்ப வழி நெடுக கூட வருவீங்க. இன்னைக்கு இருக்கற டிராஃபிக்குக்கு கத்திப்பாரா தாண்டவே ஒரு மணி நேரம் ஆகும்.

பேப்பர் சுத்தியிருக்கறதால தெரியல. வெளிச்சம் பட்டா பயந்துக்கும், அதனால சுத்திக் குடுப்பாங்க. ஓரமா விலக்கிக் காட்டறேன், பாருங்க. தெரியுதா? ஆரஞ்சு கலர், குறுக்கால மூணு வெள்ளைப் பட்டை. கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். கோமாளி மீன்னு பேரு. கடல் மீன். குழாய்த் தண்ணியில போட்டா செத்துரும், உப்பு கலந்து, அளந்து, சூடு பாத்து, அதுக்கப்புறம்தான் விடணும்.

இது ஆறாவது. இதுக்கு முன்னாடி அஞ்சு வாங்கினேன். அஞ்சும் போயிடுச்சு. எதனாலன்னு கேக்காதீங்க. தெரிஞ்சா நான் ஏன் குரோம்பேட்டையிலேருந்து கொளத்தூருக்கு இப்படி அலையறேன்?

என் பேரு தணிகாசலம். குடிநீர் லேப்ல முப்பத்தொரு வருஷம் வேலை. தண்ணியைப் பொறுத்தவரைக்கும் என்கிட்ட யாரும் கதை விட முடியாது. டம்ளரைக் கையில எடுத்தாலே சொல்லிடுவேன், இது போர் தண்ணியா, லாரி தண்ணியா, குளோரின் எவ்வளவு தூக்கலா இருக்குன்னு. பொண்ணு பாக்கப் போன இடத்துல காபி குடுத்தாங்க, தண்ணியில இரும்புச் சத்து ஜாஸ்தின்னு சொன்னேன். அதையே கோமளா இன்னும் சொல்லிக் காட்டுவா. அவதான் என் சம்சாரம். அப்படிப்பட்ட எனக்குத்தான் தம்பி இந்த நிலைமை. ஒரு கண்ணாடித் தொட்டியில நாப்பது லிட்டர் தண்ணி, அதுல ஒரே ஒரு மீன். அதைக் காப்பாத்த முடியல.

பெரிய தொட்டி ஹால்ல இருக்கு. அது பையனோடது. பரிதி. இளம்பரிதின்னு வச்சோம், பாதிதான் நிலைச்சுது. இப்ப டென்மார்க்ல இருக்கான். காலேஜ் படிக்கும்போதே இந்தக் கடல் மீன் பைத்தியம் பிடிச்சிருச்சு. நான் அப்பல்லாம் திட்டிக்கிட்டேதான் இருப்பேன். கரண்ட் போகுது, உப்பு சிந்துது, தரை வீணாப்போகுதுன்னு. அவனுக்கும் எனக்கும் பேச்சு கம்மி. சண்டைன்னு இல்ல. வேணும்னா அவங்க அம்மாகிட்ட சொல்லுவான், அவ என்கிட்ட சொல்லுவா, நான் அவகிட்ட சொல்லி அனுப்புவேன். ஒரே வீட்டுல மூணு பேரு, தபால் ஆபீஸ் மாதிரி நடந்துச்சு.

ஊருக்குக் கிளம்பற அன்னைக்கு ஏர்போர்ட்ல திடீர்னு என் பக்கம் திரும்பினான். "அப்பா, தொட்டியை நீங்க பாத்துக்கங்க. தண்ணி உங்களுக்குத்தான் தெரியும்" அப்படின்னான். இருபத்தாறு வருஷத்துல அவன் என்கிட்ட நேரா ஒண்ணு கேட்டது அதுதான். நான் தலையை ஆட்டினேன். ட்ராலி வேற யாரோ காலுல இடிச்சுது.

சொல்லக் கூடாது, நல்லாத்தான் பாத்துக்கிட்டேன். ஒரு வருஷம். தினம் உப்பு பாப்பேன், சூடு பாப்பேன், நோட்டுல எழுதுவேன். அதுல ரெண்டு கோமாளி, ஜோடி. பெரிசுக்கு சிங்காரம்னு பேரு வச்சிருந்தான். போன மே மாசம் நான் கண்ணாடி துடைக்கறேன்னு மூடியைத் திறந்து வச்சிட்டு அந்தப் பக்கம் துணி எடுக்கப் போனேன். சின்னது துள்ளி வெளிய விழுந்துடுச்சு. சோபாவுக்கு அடியில போய்க் கிடந்தது. தேடிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சு.

அவன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு நாலு நாள் யோசிச்சேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம்தான் கூப்பிடுவான். அம்மாகிட்ட அரை மணி நேரம், என்கிட்ட நாலு நிமிஷம். சாப்பிட்டீங்களாப்பா, சாப்பிட்டேன். மாத்திரை போட்டீங்களா, போட்டேன். தண்ணி பாத்தீங்களா, பாத்தேன். சரி, அம்மாகிட்ட குடுங்க. அவ்வளவுதான். அன்னைக்குச் சொன்னேன், இந்த மாதிரி ஆயிடுச்சுப்பான்னு. திட்டுவான்னு நினைச்சேன். திட்டல. "பரவால்லப்பா, இன்னொண்ணு வாங்கலாம். ஆனா நேரா பெரிய தொட்டியில விட்டுராதீங்க"ன்னான்.

அதுதான் இதுல சட்டம். புதுசா வாங்கற கடல் மீனை முப்பது நாள் தனியா வைக்கணும். அதுகிட்ட நோய் இருந்தா பழைய மீனுக்கு ஒட்டிக்கும். அதனால தனி ரூம், தனித் தொட்டி, தனி வலை, தனி பக்கெட். முப்பது நாள் நல்லா இருந்துச்சுன்னா உள்ள விடலாம். இதை அன்னைக்கு எனக்கு அவன் ஒவ்வொண்ணா விளக்கினான் தம்பி. நான் நோட்டுல எழுதிக்கிட்டேன். முடிச்சிட்டுப் போனைப் பாத்தா நாப்பத்தேழு நிமிஷம். கோமளா சமையக்கட்டுலேருந்து எட்டி எட்டிப் பாக்கறா, இவர் யார்கிட்ட பேசறாருன்னு.

தனி ரூம்னா எங்க போறது? இருக்கறது அவன் ரூம்தான். அவன் போனதுலேருந்து அதைப் பூட்டி வைக்கல, ஆனா நான் உள்ள போறதும் இல்ல. கோமளா மட்டும் வாரம் ஒருதடவ பெருக்குவா. அங்க அவன் படிச்ச மேசை மேல தொட்டியை வச்சேன். சும்மா சொல்லக் கூடாது, நீங்க வந்து பாத்தா அசந்து போவீங்க, அவ்வளவு நேர்த்தி. எதிர்ல வீடு இடிக்கறாங்க, தூசி வரும்னு ஜன்னலைச் சாத்தி இடுக்குல எல்லாம் டேப் ஒட்டிட்டேன். மீன் ஒளிஞ்சுக்கறதுக்குத் தொட்டிக்குள்ள ஒரு பைப் துண்டு. மேசை மேல ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டு. அதுல வரிசையா மூணு பிளக். ஒண்ணு காத்து மோட்டார், தண்ணிக்குள்ள குமிழி விடுமே அது. ஒண்ணு லைட்டு. ஒண்ணு கொசு மெஷின். ஒயர் ஒண்ணு கூடத் தொங்காது.

முதல் மீன் ஜூன் ரெண்டாவது வாரம் வந்துச்சு. நல்ல துறுதுறுன்னு இருந்துச்சு. முதல் நாளே சாப்பிட்டுச்சு. நானும் சாயங்காலம் ஆறு மணி ஆனா காபி டம்ளரோட உள்ள போயிருவேன். கதவைச் சாத்திக்கிட்டு அவன் நாற்காலியில உட்கார்ந்து எட்டு எட்டரை வரைக்கும் பாப்பேன். மீனைப் பாக்கணும்ல? மூச்சு எப்படி விடுது, செதில் எப்படி இருக்கு, ஓரமா ஒதுங்குதா, எல்லாம் கவனிக்கணும்னு சொல்லியிருக்கான். ஆறாம் நாள் சாயங்காலம் அது ஒரு மாதிரி ஆயிடுச்சு. தலைகீழா சுத்துது. போய்க் கண்ணாடியில இடிக்குது. மேல வந்து வாயை வாயைத் திறக்குது. நான் என்ன பண்றது? காத்து போதலையோன்னு மோட்டாரைக் கூட்டி வச்சேன். காலையில பாத்தா அடியில கிடக்கு.

உடனே தண்ணி எடுத்து டெஸ்ட் பண்ணினேன். அமோனியா சீரோ. உப்பு சரி. சூடு சரி. தண்ணியில ஒண்ணும் இல்ல.

அன்னைக்குப் புதன்கிழமை. ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்க மனசு வரல, நானே போன் போட்டேன். ஆபீஸ்ல இருந்தான். வெளிய வந்து பேசினான். எல்லாத்தையும் கேட்டான். எந்த பக்கெட், சோப்பு போட்டுக் கழுவினீங்களா, கையில ஏதாவது தடவியிருந்தீங்களா, கடைத் தண்ணியோட சேத்து விட்டீங்களா, சொட்டு சொட்டா விட்டுப் பழக்கினீங்களா. ஒவ்வொண்ணுக்கும் பதில் சொன்னேன். பாஸ் ஆயிட்டேன். "நீங்க தப்பே பண்ணலப்பா"ன்னான். ஒரு மணி நேரம் அஞ்சு நிமிஷம் பேசியிருக்கோம். போன்லயே காட்டுதே.

ரெண்டாவது மீன் நாலு நாள். மூணாவது ஒரு வாரம். எல்லாம் ஒரே மாதிரி. வரும்போது நல்லா இருக்கும், சாப்பிடும், நான் கிட்டப் போனா கண்ணாடி ஓரமா வந்து பாக்கும். நாலஞ்சு நாள்ல சுத்த ஆரம்பிக்கும். அப்புறம் அடியில. பேப்பர்ல மடிச்சு செம்பருத்திச் செடிக்கடியில புதைப்பேன். தண்ணி டெஸ்ட் பண்ணுவேன். தண்ணியில ஒண்ணும் இருக்காது. பழைய லேப்ல என்கூட வேலை பாத்தவர் ஒருத்தர்கிட்ட பாட்டில் கட்டி அனுப்பினேன். அவரும் பாத்துட்டு, சார், இதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல, என்னத்துக்கு இவ்வளவு பதட்டம்னு கேக்கறார்.

ஹால்ல இருக்கற சிங்காரம் மட்டும் கல்லு மாதிரி இருக்கு. அதே உப்பு, அதே தண்ணி. அதுக்கு ஒண்ணும் ஆகல. அந்த ரூம்ல மட்டும்தான் இந்தக் கூத்து. கோமளாவோட அக்கா வந்து பாத்துட்டு ரூமுக்குத் திருஷ்டி கழிக்கணும்னா. கழிச்சும் பாத்தாச்சு. நான் நம்பறவன் இல்ல. ஆனா பூசணிக்காயை நான்தான் வாங்கிட்டு வந்தேன்.

மூணாவது போனப்ப எனக்குக் கோமளா மேல சந்தேகம் வந்துச்சு. வேணும்னு பண்ணுவாள்னு இல்ல. அவ வீடு துடைக்கறவ. பினாயில் கையோட அந்த மேசையைத் தொட்டிருந்தா? ஜூலையிலேருந்து அந்த ரூமுக்குள்ள வராதேன்னு சொல்லிட்டேன். பெருக்கறதும் நான்தான். அவளுக்கு ரொம்பக் கோபம். வாசல்படியில நின்னுக்கிட்டு, "உள்ள உட்கார்ந்துக்கறதெல்லாம் நீங்க, வெளிய நிக்கறது நானா? நானும்தானே அவனைப் பெத்தேன்"னு சொன்னா. மீனுக்காகச் சொன்னா இவ எதுக்கு அதையும் இதையும் முடிச்சுப் போடறான்னு நினைச்சுக் கதவைச் சாத்திட்டேன். அதுவுமில்லாம அவளுக்கு அந்த ரூமுக்குள்ள போனாலே தலைவலி வரும். அஞ்சு நிமிஷம் நின்னா நெத்தியைப் பிடிச்சுக்குவா. ஹால்லயே கொசு மெஷின் போட விட மாட்டா, தலை வலிக்குதுன்னு ஜன்னலுக்கு எல்லாம் வலை அடிக்க வச்சா. கொஞ்சம் மென்மையான உடம்பு. அப்ப அங்க வராம இருக்கறது அவளுக்கும் நல்லதுதானே?

சொன்னா நம்ப மாட்டீங்க, நான் பெருக்க ஆரம்பிச்சதும் அந்த ரூம் அவ்வளவு சுத்தம். ஒரு கொசு கிடையாது. ஒரு பல்லி கிடையாது. முன்னாடி டியூப் லைட் பின்னாடி ரெண்டு பல்லி இருக்கும், அதுவும் எங்கயோ போயிடுச்சு. ஜன்னல் கட்டையில நாலு செத்த பூச்சி கிடக்கும், அதைக் கூட்டித் தள்ளினா முடிஞ்சுது. அப்படிப்பட்ட இடத்துல மீன் ஏன் சாகணும்?

பரிதி விடல. வாரம் ரெண்டு தடவ, மூணு தடவ கூப்பிட ஆரம்பிச்சான். அங்க மீன் வளக்கறவங்க குரூப்ல எல்லாம் போய்க் கேட்டிருக்கான். தண்ணியை மாத்துங்க, உப்பு பிராண்டை மாத்துங்க, தண்ணி வடிகட்டற ஸ்பான்ஜை மாத்துங்க. எல்லாம் மாத்தினேன். நடுநடுவுல வேற ஏதாவது கேப்பான், இருமல் நின்னுச்சாப்பான்னு. எனக்கு ஜூன்லேருந்து ஒரு வறட்டு இருமல் இருக்கு, சாயங்காலமானா தூக்கும். அது கிடக்கட்டும்டா, இன்னைக்கு நைட்ரேட் பத்துதான் இருக்குன்னுவேன். ஒருதடவ அவன் என் கணக்கை நடுவுல நிறுத்தி, "அப்பா, மீனை விடுங்க. நீங்க எப்படி இருக்கீங்க"ன்னு கேட்டான். சலிச்சுப் போயிட்டான், தொட்டியே வேணாம்னு சொல்லப் போறான்னு பயந்துட்டேன். நான் நல்லா இருக்கேன்டா, சிங்காரம்தான் தனியா இருக்கு பாவம்னு சொல்லிப் பேச்சை மாத்திட்டேன். எப்படியோ சமாளிச்சேன்.

கொளத்தூர்ல மீன் வாங்கற கடைக்காரம்மாவும் எவ்வளவோ முயற்சி பண்ணிட்டாங்க. ஜெசிந்தான்னு பேரு, தூத்துக்குடிக்காரங்க. இந்த ஊர்ல கடல் மீனுக்கு அவங்களை விட்டா ஆள் கிடையாது. நாலாவது செத்தப்ப எனக்காக உட்கார்ந்து வரிசையா கேட்டாங்க. பெயின்ட் அடிச்சீங்களா சார்? இல்ல. பக்கத்து வீட்டுல வெல்டிங் ஏதாவது? இல்ல. ரூம்ல கொசுவர்த்தி கொளுத்தறீங்களா சார்? எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. என்னம்மா, படிச்சவன், லேப்ல இருந்தவன், மீன் இருக்கற ரூம்ல கொசுவர்த்தி கொளுத்துவேனா? என் வீட்டுக்குள்ள சுருள் வந்து பதினஞ்சு வருஷம் ஆச்சு, ஒரு பொட்டுப் புகை கிடையாதுன்னேன். சாரி சார்னாங்க. அந்த அம்மா மேல தப்பில்ல. எத்தனையோ விதமான ஆளுங்க வருவாங்க.

அஞ்சாவதுதான் தம்பி என்னை ரொம்பப் படுத்திடுச்சு. அது வந்த மறுநாளே நாங்க விழுப்புரம் போக வேண்டியதாப் போச்சு, கோமளா தம்பி பொண்ணுக்குக் கல்யாணம். நான் வரலைன்னு எவ்வளவோ சொன்னேன். விடல. மாடி வீட்டு மெர்சி டீச்சர்கிட்ட சாவியைக் குடுத்து, தினம் காலையில ரெண்டு சிட்டிகை போட்டா போதும், வேற எதையும் தொடாதீங்க டீச்சர், லைட்டைக் கூடப் போடாதீங்கன்னு சொல்லிட்டுப் போனேன். நாலு நாள். கல்யாணத்துல சாப்பாடு இறங்கல எனக்கு. திரும்பி வந்து பையைக் கூட வைக்காம ஓடிப்போய்ப் பாக்கறேன், ஜம்முன்னு இருக்கு! கொழுகொழுன்னு, வெள்ளைப் பட்டை எல்லாம் பளிச்சுனு, என்னைப் பாத்ததும் மேல வந்து வாயைத் திறக்குது. பரிதிக்கு வீடியோ அனுப்பினேன். இதுதாம்பா நிக்கப் போற மீனுன்னான்.

இனிமே ஒரு நிமிஷம் விடறதில்லைன்னு முடிவு பண்ணினேன். நாலு நாள் தனியா விட்டுட்டுப் போயிட்டோமேன்னு ஒரு உறுத்தல் வேற. அஞ்சு மணிக்கே போய் உட்கார்ந்தேன். மழை ஆரம்பிச்சிருந்துச்சு, எங்க பக்கம் கொசு சொல்லி முடியாது, மெஷினை ஃபுல்லா திருப்பி வச்சுக்கிட்டு ஒன்பது மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் அப்படியே. மூணாம் நாள் காலையில போயிருச்சு.

டீச்சர் பாத்துக்கிட்டப்ப இருந்த மீன், நான் பாத்துக்கிட்டப்ப போயிருச்சு. என்னத்தச் சொல்ல? அன்னைக்குத் தண்ணி டெஸ்ட் பண்ணல நான். அந்த நாற்காலியிலயே உட்கார்ந்து அழுதேன். அறுபத்தி மூணு வயசு ஆம்பளை, ஒரு விரல் மீனுக்கு. வெளிய கோமளாவுக்குக் கேட்டிருக்கும், ஆனா அவ உள்ள வரல. வராதேன்னுதானே சொல்லி வச்சிருக்கேன்.

அதனாலதான் இந்த ஆறாவது. இதான் கடைசி. பரிதிகிட்டயும் சொல்லிட்டேன். இது முப்பது நாள் தாண்டலைன்னா தொட்டியை யாருக்காவது குடுத்துரலாம்ப்பா, என்னால முடியலன்னு. அவனும் சரிப்பான்னான். தொட்டி போச்சுன்னா அப்புறம் அவன் என்னைத் தனியா கேட்டுக் கூப்பிட என்ன இருக்கு? அம்மாகிட்ட அரை மணி நேரம், என்கிட்ட நாலு நிமிஷம். இந்தத் தடவ அதுக்கெல்லாம் இடமே குடுக்கப் போறதில்ல. காலையிலேருந்து அங்கயே இருக்கப் போறேன். சாப்பாடு கூட அங்கதான். எல்லாம் வாங்கியாச்சு, உப்பு, தீனி, டெஸ்ட் கிட்டு, கொசு மெஷினுக்கு ரெண்டு பாட்டில். இந்தப் பையில என்னமோ குத்துதேன்னு பாத்தேன், பாட்டிலோட அட்டை முனை. இருங்க, இதை எடுத்துக் கீழ வச்சிடறேன், மீன் பையைக் குத்திரப் போகுது.

என்ன தம்பி? இதுவா? கொசு மெஷின்ல மாட்டற பாட்டில்தான். நீங்க பாக்காததா?

ஆமா, அந்த ரூம்லதான். சொன்னேனே, ஒரே போர்டுல மூணு பிளக்குன்னு. காத்து மோட்டாருக்குப் பக்கத்துல.

இல்ல இல்ல. சுருள் இல்ல. இது லிக்விட். புகையே வராது. வாசனை கூட அவ்வளவா...

இதுவும் அதே மருந்தா?

நீங்க அடிக்கறது... உங்க கேன்ல இருக்கறதா? அந்த வகையா?

மெதுவாச் சொல்லுங்க. சத்தத்துல கேக்கல. மீன் தொட்டி இருக்கற வீட்டுக்கு மருந்து அடிக்கப் போனா முதல்ல காத்து மோட்டாரை நிறுத்துவீங்களா. ஏன்? ரூம்ல இருக்கற காத்தைத்தானே இழுத்துத் தண்ணிக்குள்ள விடுது. ஆமா. ஆமா, அப்படித்தானே அது வேலை செய்யும். அப்புறம் தொட்டியை ஈரத் துணி போட்டு மூடுவீங்க. மறந்தா மீன் சுத்திச் சுத்திச் செத்துரும். சுத்திச் சுத்தி.

இருங்க.

டிரைவர் பிரேக் போட்டாரு, வேற ஒண்ணும் இல்ல. நான் நல்லாத்தான் இருக்கேன். தண்ணி வேணாம்.

விழுப்புரம் போனப்ப மெஷின் ஆஃப்ல இருந்துச்சு. லைட்டைக் கூடப் போடாதீங்கன்னுதானே சொன்னேன். ஜன்னல்ல டேப் ஒட்டினது நான். மூச்சு வாங்குதேன்னு மோட்டாரைக் கூட்டி வச்சதும் நான். கூட்டினா இன்னும் ஜாஸ்தியா உள்ள போகும். கோமளாவுக்குத் தலைவலி. பல்லி. என் இருமல். எல்லாம் எனக்குத் தெரியும் தம்பி, உங்ககிட்ட வரிசையா நானே சொல்லிக்கிட்டு வரேன் பாருங்க! முப்பத்தொரு வருஷம் தண்ணியைப் பாத்தேன். தண்ணியில ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு நோட்டு நோட்டா எழுதினேன். எதிர்ல உட்கார்ந்து கொன்னது நான். அந்த ஜெசிந்தாம்மா கேட்டப்ப ஒரு வார்த்தை, சுருள் இல்லம்மா மெஷின் இருக்குன்னு சொல்லியிருந்தா...

பரிதி ஏன் கேக்கலைன்னு கேக்கறீங்களா? அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் இருந்தவரைக்கும் அந்த ரூம்ல மெஷின் கிடையாது, ஜன்னலைத் திறந்து போட்டு ஃபேனுக்கடியில படுப்பான். நான் வாங்கினதுதான் அது. எனக்குக் கொசு கடிக்குதேன்னு, எனக்காக. மீனுக்கு எதுக்குடா கொசு மெஷின்னு அவன் கேக்கணும்னா, நான் அங்க உட்கார்ந்திருக்கறது அவனுக்குத் தெரியணும். அதை நான் சொன்னதே இல்ல. காலையில ஒருதடவ சாயங்காலம் ஒருதடவ எட்டிப் பாக்கறேன்னுதான் சொல்லியிருக்கேன். உப்பு எவ்வளவுன்னு சொன்னேன். சூடு எவ்வளவுன்னு புள்ளி வச்சுச் சொன்னேன். தினம் ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம் கதவைச் சாத்திக்கிட்டு உன் நாற்காலியில உட்கார்ந்திருக்கேன்டான்னு சொல்லல. எப்படிச் சொல்றது தம்பி? வெக்கமா இருக்காதா?

பல்லாவரம் வந்துருச்சு. அடுத்தது நான் இறங்கணும்.

சரி. மெஷினைப் பிடுங்கிட்டு, டேப்பைக் கிழிச்சு ஜன்னலைத் திறந்து விட்டு, தண்ணியைக் கொட்டி வேற தண்ணி வச்சா இது பொழச்சுக்குமா? பொழச்சுக்குமா. நல்லது. நீங்க சொல்றீங்க, உங்களுக்குத் தெரியும். பொழச்சுக்கும். முப்பது நாள் கழிச்சு ஹால் தொட்டிக்குப் போயிரும். சிங்காரத்துக்கு ஜோடி ஆயிரும். எல்லாம் நல்லபடியா இருக்குடான்னு நான் சொல்லுவேன். சந்தோஷம்ப்பா, அம்மாகிட்ட குடுங்கன்னு அவன் சொல்லுவான்.

செத்தாலும் நாலு நிமிஷம், பொழச்சாலும் நாலு நிமிஷம். பாத்தீங்களா வேடிக்கையை. இத்தனை மாசமா இது ஏன் சாகுதுன்னு ரெண்டு பேரும் மண்டையை உடைச்சுக்கிட்டோமே, அதுலதான் தம்பி எனக்கு என் பையன் கிடைச்சான். உங்க மேல கோபம் இல்ல. ஆனா நீங்க இதைச் சொல்லாம தாம்பரம் போயிருந்தீங்கன்னா நான் சந்தோஷமா இறங்கியிருப்பேன்.

தெரியாமச் செஞ்சது வேற. இப்ப தெரிஞ்சு போச்சு. இனிமே அந்த ஸ்விட்சை எப்படிப் போடுவேன்? இந்தாங்க, இந்த ரெண்டு பாட்டிலையும் நீங்களே வச்சுக்கங்க. எங்கயாவது தூக்கிப் போடுங்க. என் கையில வேணாம்.

இப்படி எந்திரிச்சு நின்னாத்தான் இறங்க முடியும். பையைக் கொஞ்சம் பிடிங்க. அசையுதா பாருங்க. அசையுது.

பையன்கிட்ட உங்களைப் பத்திப் பேசுங்க சார்னு சுலபமாச் சொல்லிட்டீங்க. கேப்பான், கேக்காம இல்ல. இருமல் எப்படிப்பா இருக்குன்னு இந்த ஞாயித்துக்கிழமையும் கேப்பான். இருக்குடான்னு சொல்லணும். எதனாலப்பான்னு கேப்பான். அங்கேருந்து ஆரம்பிச்சா உன் ரூம்ல, உன் நாற்காலியிலன்னு எல்லாத்தையும் சொல்லியாகணும். நானும் இத்தனை பேசிட்டேன் உங்ககிட்ட, உங்க பேர் கூடக் கேக்கல. அவன்கிட்ட அந்த ஒரு வரியைச் சொல்லணும்னா நோட்டுல எழுதி வச்சுப் படிச்சாத்தான் உண்டு.

இன்னைக்கு வியாழன். இன்னும் மூணு நாள் இருக்கு. அதுக்குள்ள வீட்டுக்குப் போய் முதல்ல கோமளாவை அந்த ரூமுக்குள்ள கூப்பிடணும்.

கண்டக்டர், நிறுத்துங்க, ஆள் இறங்கணும். கையில மீன் இருக்கு, கொஞ்சம் வழி விடுங்க.